டிடிஎஸ் குறைவு என்றால் நல்ல தண்ணீரா?

அடுத்த கேள்வி வேளச்சேரியிலிருந்து ஒரு அம்மா அனுப்பியது. படிக்கிறேன். "எங்கள் வீட்டு போர் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டர் 1100 காட்டுகிறது. மெட்ரோ வாட்டர் 300தான். அப்படியானால் போர் தண்ணீர் மாசு, மெட்ரோ வாட்டர் சுத்தம், சரிதானே? இன்னொன்று, காலேஜில் படிக்கும் என் மகளுக்குச் சுற்றுச்சூழல் பேப்பரில் பிஓடி வருகிறது. ஆக்சிஜன் அதிகம் என்றால் நல்லதுதானே, பிஓடி அதிகமானால் மட்டும் ஏன் மாசு என்கிறார்கள்?"

நல்ல கேள்விம்மா. முதல் பாதிக்கு என் பதில்: அந்த எண்ணை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது.

டிடிஎஸ் என்பது கரைந்திருக்கும் மொத்தத் திடப்பொருள். ஒரு லிட்டர் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒட்டி நிற்குமே, ஏறக்குறைய அதுதான். உங்கள் வீட்டுத் தண்ணீரில் லிட்டருக்கு 1100 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமும் கொஞ்சமும். கால் டீஸ்பூன் உப்புக்கும் குறைவு. பெசன்ட் நகர் கடலில் ஒரு லிட்டர் மொண்டால் 35 கிராம் அளவுக்கு இருக்கும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 500. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு. ஆக, 1100 நாக்குக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். விஷம் என்று பயப்பட வேண்டாம்.

ஆனால் உங்கள் கையிலுள்ள அந்தப் பேனா மீட்டர் எதையும் காய்ச்சிப் பார்ப்பதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்று பார்த்து, அதை ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. உப்பு இருந்தால் எண் ஏறும். கிருமிக்கு ஏறாது, பூச்சிமருந்துக்கும் ஏறாது. ஒரு குடம் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சாக்கடையைக் கலந்து பாருங்கள், மீட்டர் கிட்டத்தட்ட அதே எண்ணைத்தான் காட்டும். குடிப்பீர்களா?

எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வாட்டர் ஃபில்டர் விற்க ஒரு தம்பி வந்தார். இரண்டு டம்ளரில் தண்ணீர், ஒன்று எங்கள் குழாயிலிருந்து, இன்னொன்று அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். ஒரு கருவியின் கம்பிகளை உள்ளே விட்டு சுவிட்சைப் போட்டார். எங்கள் டம்ளர் இரண்டே நிமிஷத்தில் பழுப்பாகி, மேலே அழுக்கு நுரை. என் மாமியார் வாயில் கை வைத்துவிட்டார். உண்மையில் அந்த அழுக்கு தண்ணீரிலிருந்து வந்ததே இல்லை. இரும்புக் கம்பி கரைந்து துருவாகப் பிரிந்தது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு கம்மி, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் அது பளிச்சென்று இருந்தது. அதிலேயே ஒரு சிட்டிகை உப்பைப் போட்டேன். அதுவும் பழுப்பாகிவிட்டது. தம்பி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார், பாவம்.

கடினத்தன்மை என்பது இந்த டிடிஎஸ்ஸுக்குள்ளேயே ஒரு பங்கு, கால்சியமும் மெக்னீசியமும் மட்டும். சோப்பு நுரைக்காமல் திரிவது, பக்கெட்டில் வெள்ளை படிவது, பருப்பு வேக அடம்பிடிப்பது எல்லாம் இதன் வேலை.

சரி, பிஓடிக்கு வருவோம். பெயரிலேயே விடை இருக்கிறது: உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. தேவை என்பதை விட்டுவிட்டு ஆக்சிஜனை மட்டும் பிடித்துக்கொள்வதால்தான் குழப்பம். தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்பதற்குக் கரைந்த ஆக்சிஜன் என்று தனி அளவு உண்டு, அது கைவசம் உள்ள அரிசி. பிஓடி என்பது பந்திக்கு எத்தனை பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கணக்கு. கழிவு அதிகமானால் அதைத் தின்னும் பாக்டீரியா பெருகும், அவை மூச்சுவிட ஆக்சிஜன் கேட்கும்.

லேபில் எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? காற்றுக்குமிழி இல்லாமல் பாட்டிலை நிரப்பி ஆக்சிஜனை அளப்பார்கள். பிறகு இருட்டில், 27 டிகிரியில், மூன்று நாள் வைத்து மறுபடி அளப்பார்கள். முதலில் 7, பிறகு 5 என்றால் பிஓடி 2. வெளிநாட்டுப் புத்தகங்களில் 20 டிகிரி, ஐந்து நாள் என்று இருக்கும். மகள் எந்தப் புத்தகத்தில் படிக்கிறாள் என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆறு குளிக்கத் தகுந்ததாக இருக்க, பிஓடி லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கரைந்த ஆக்சிஜன் 5-க்குக் குறையக் கூடாது. சுத்திகரிக்காத வீட்டுக் கழிவுநீரின் பிஓடியோ 200, 300 என்று போகும். நம் ஊர் வெயிலில் தண்ணீர் தாங்கும் ஆக்சிஜனே லிட்டருக்கு 8 மில்லிகிராம்தான். எட்டுப் பேர் சாப்பாட்டுக்கு முந்நூறு பேர் வந்தால் என்ன ஆகும்? கூவம்தான் ஆகும். ஆக்சிஜன் தீர்ந்த பிறகு, ஆக்சிஜன் இல்லாமலே பிழைக்கும் பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்கும். அவை விடும் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் சேத்துப்பட்டுப் பாலத்தில் பஸ் நிற்கும்போது நம்மை மூக்கைப் பொத்த வைக்கும் அந்த அழுகிய முட்டை வாடை. இதில் வேடிக்கை என்னவென்றால், சாக்கடைத் தண்ணீரின் டிடிஎஸ் உங்கள் போர் தண்ணீரைவிடக் குறைவாகவே இருக்கலாம்.

அதனால் மெட்ரோ வாட்டர் 300 காட்டுகிறது என்று அப்படியே குடித்துவிடாதீர்கள். மழைக்காலத்தில் குழாய் விரிசல் வழியாகக் கழிவுநீர் கலந்தாலோ, சம்ப் மூடி சரியில்லாமல் இருந்தாலோ மீட்டர் சொல்லாது. இரண்டு தண்ணீரையும் லேபில் கோலிஃபார்ம் சோதனைக்குக் கொடுங்கள், அதாவது கழிவு கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் பாக்டீரியா இருக்கிறதா என்ற சோதனை. 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது விதி. பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பிடிக்காதீர்கள், லேபே கிருமி நீக்கிய பாட்டில் தரும். குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடித்து, அன்றைக்கே கொண்டு போங்கள். போர் தண்ணீருக்கு நைட்ரேட்டையும் சேர்த்துக் கேளுங்கள். அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் பக்கத்தில் எங்கோ செப்டிக் டேங்க் கசிகிறது என்று சந்தேகப்படலாம். கோலிஃபார்ம் கொதிக்க வைத்தால் சாகும். நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும்.