இரண்டு பேருக்கும் 70

நேயர்களுக்கு வணக்கம். தொடக்கப் பள்ளி ஆசிரியையாகக் காலம் கழித்தவள் நான். மொத்த மதிப்பெண் என்றாலே எனக்குக் கோபம் வரும். இன்று அதைத்தான் பேசப்போகிறேன்.

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. 403-இலிருந்து 178-ஐக் கழிக்க வேண்டும். கையில் பென்சில் இருந்தால் நீங்களும் போட்டுப் பாருங்கள். விடை 225. அவள் எழுதியது 375. எப்படி வந்தது? மூன்றில் எட்டு போகாது. ஆகவே எட்டில் மூன்றைக் கழித்து ஐந்து என்று எழுதிவிட்டாள். பூச்சியத்தில் ஏழு போகாது, அங்கே ஏழு. நான்கில் ஒன்று போக மூன்று. கேட்டேன். "பெரிய எண்ணில்தானே டீச்சர் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும்?" என்றாள். கடன் வாங்க வேண்டிய கணக்குகள் எல்லாவற்றிலும் இதே வழிதான். தவறான விதியை எவ்வளவு ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறாள், பாருங்கள்!

மற்ற கணக்குகள் சரி. மொத்தம் 70. பக்கத்தில் இருந்தவளுக்கும் 70தான். அவளுக்குக் கழித்தல் தண்ணீர் பட்ட பாடு, வாய்ப்பாடுதான் மனத்தில் நிற்கவில்லை. முன்னேற்ற அறிக்கையில் இருவருக்கும் ஒரே எண். அதைப் பார்த்து எந்த அம்மா எதைச் சொல்லிக்கொடுப்பார்?

திறன் திறனாகச் சொல்லுங்கள் என்கிறேன். கடன் வாங்கிக் கழித்தல்: வருகிறது, உதவினால் வருகிறது, இன்னும் வரவில்லை. அவ்வளவுதான். ஜூலையில் வராதது டிசம்பரில் வந்துவிட்டால், வந்துவிட்டது என்றே எழுதுங்கள். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுப்பானேன்? திரும்பவும் சொல்கிறேன், சராசரி எடுப்பானேன்?

நம் தமிழ்நாட்டுக்கு இது புதிதன்று. பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து கற்கும் செயல்வழிக் கற்றலில் ஏணிப்படி இருந்தது. ஓர் அட்டையை முடித்தால்தான் அடுத்த அட்டை. பிறகு 2012-13இல், ஆண்டை மூன்று பருவங்களாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தது. பாடம் நடக்கும்போதே பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் தேர்வாக வைக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60, மறுபடியும் கூட்டல்! 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்தது. எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஆனாலும் பெற்றோர் வாசலில் நின்று, "எத்தனையாவது ரேங்க்?" என்றுதான் கேட்கிறார்கள்.

கண்ணாடிக்கு அப்பால் விரலைக் காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். ஆசிரியர்களின் பதிவுச் சுமையைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு திறனையும் கைபேசிச் செயலியில் ஏற்றிக்கொண்டிருந்தால் எப்போது பாடம் நடத்துவார்? திறன்களின் பட்டியலைச் சுருக்க வேண்டும். எதை விடலாம் என்று வகுப்பில் நிற்பவரைக் கேட்க வேண்டும். வணக்கம்.