காய்ச்சல் எந்த வண்டியில் வந்தது?

(சுமைதூக்கும் தொழிலாளர் சங்க ஆண்டுவிழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

சங்கத் தலைவர் அவர்களே, என்னை விடாப்பிடியாக அழைத்து வந்த செயலாளர் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த வணிகர் சங்கப் பெரியவர் அவர்களே, எனக்குப் பின் பேச இருக்கும் வட்டார மருத்துவ அலுவலர் அம்மா அவர்களே, ராத்திரி லோடு இறக்கிவிட்டுத் தூங்காமல் வந்திருக்கும் தோழர்களே, பிள்ளைகளோடு பின்வரிசையில் நிற்கும் தாய்மார்களே, வணக்கம். ஒன்றியத் தலைவர் வந்துகொண்டிருக்கிறாராம். வந்ததும் அவருக்குத் தனியாக ஒரு வணக்கம் வைக்கிறேன்.

கொள்ளைநோய் தொடங்கும்போது ஊர்விட்டு ஊர் எப்படிப் பரவுகிறது என்று பேசச் சொன்னார்கள். மூன்று செய்தி வைத்திருக்கிறேன். ஒன்று, நோய் போகும் பாதை. இரண்டு, அதன் வேகம். மூன்று, பருவமும் தட்பவெப்பமும்.

முதலில் பாதை. ஊசி போகும் வழியில்தான் நூல் போகும் என்பார்கள். எந்த மேடையில் ஏறினாலும் இவன் இதைத்தான் சொல்வான் என்று செயலாளர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். ஆள்தான் ஊசி, நோய்தான் நூல்.

1896 செப்டம்பரில் பம்பாயில் மாண்ட்வி என்ற பகுதியில் பிளேக் தெரியவந்தது. துறைமுகத்தை ஒட்டிய இடம், தானியக் கிடங்குகள் நிறைந்த இடம். பிளேக்தான் என்று அடையாளம் சொன்னவர் டாக்டர் வியேகஸ். இரண்டு வருடம் முன்பு, 1894-இல், ஹாங்காங்கில் அதே நோய் ஆட்டிப்படைத்திருந்தது. கப்பலில் ஏறி வந்த எலியும் தெள்ளுப்பூச்சியும் மாண்ட்வியில் இறங்கின. அப்புறம் பம்பாய் ஜனங்கள் லட்சக்கணக்கில் ஊரைக் காலிசெய்து ஓடினார்கள். புனே, கராச்சி என்று பிளேக்கும் கிளம்பியது. 1897-இல் வெள்ளைக்கார அரசாங்கம் கொள்ளைநோய்ச் சட்டம் போட்டது. ரயிலில் வருபவனை இறக்கிச் சோதிக்கலாம், பிரித்து வைக்கலாம் என்றது. அவன் வீட்டில் அடுப்பு எரிய வழி சொல்லவில்லை. 2020-இலும் நம் அரசுகள் முதலில் கையில் எடுத்தது அதே சட்டத்தைத்தான்.

இந்தப் பயணத்தைக் கிலோமீட்டரில் அளந்தால் கணக்கு உதைக்கும். பிராக்மன், ஹெல்பிங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2013-இல் இதைக் காட்டினார்கள். இரண்டு ஊருக்கு நடுவே எத்தனை பேர் விமானத்தில் போய்வருகிறார்கள் என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டால், நோய் எந்த ஊருக்கு முதலில் போகும், எதற்குப் பின்னால் போகும் என்பது பெரும்பாலும் ஒத்துவருகிறது. போக்குவரத்து அதிகம் என்றால் அது பக்கத்து ஊர். அவ்வளவுதான்.

சரி, ஒரு கல்யாணக் கதை சொல்கிறேன். 2003 பிப்ரவரி. சீனாவில் குவாங்சோ நகரத்தில் ஒரு மருத்துவப் பேராசிரியர். புதுவிதமான நிமோனியா நோயாளிகளைப் பார்த்தவர். அவருக்கே உடம்பு சரியில்லை. ஆனால் ஹாங்காங்கில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். போகாமல் இருக்க முடியுமா? நம்ம ஊரில் முடியுமா? மாமன் வரவில்லை, சித்தப்பா வரவில்லை என்று பத்து வருஷம் பேச மாட்டார்களா? காய்ச்சலோடு பந்தியில் உட்கார்ந்து, "ஒன்றுமில்லை, லேசாகத் தொண்டைக் கட்டு" என்று சொல்லாதவர் இந்த மண்டபத்தில் இருந்தால் கையைத் தூக்குங்கள். பார்த்தீர்களா, ஒரு கைகூட இல்லை! மருத்துவர் அம்மாவும் தூக்கவில்லை!

அவரும் கிளம்பினார். பிப்ரவரி 21, மெட்ரோபோல் என்ற ஹோட்டல், ஒன்பதாவது மாடி. தங்கியது ஒரு ராத்திரி. மறுநாளே மருத்துவமனை. பிழைக்கவில்லை. அந்த மாடியில் தங்கியவர்கள், வந்துபோனவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவரவர் ஊருக்குப் போனார்கள். ஒருவர் ஹனோய்க்கு, சிலர் சிங்கப்பூருக்கு, ஒருவர் கனடாவின் டொரன்டோவுக்கு. சார்ஸ் என்று பிறகு பேர் வைத்த அந்தப் புது நிமோனியா மூன்று நாட்டிலும் இறங்கியது. அந்த வருஷ ஜூலைக்குள் உலகத்தில் எட்டாயிரம் பேருக்கு மேல் பாதிப்பு. ஊசி போகும் வழியில்தான் நூல் போகும்!

அந்தப் பேராசிரியர் விடுப்பு எடுத்திருக்கலாம். சம்பளம் வந்திருக்கும். அடுத்து நம் கதைக்கு வருகிறேன்.

2020 மே மாதம், சென்னையில் கோயம்பேடு காய்கறிச் சந்தை. ஊரடங்கிலும் காய்கறி வர வேண்டும் என்று அந்தச் சந்தை நடந்தது. தொற்று பரவியதும் மே 5-ஆம் தேதி மூடினார்கள். வேலை போன லோடுமேனும் வியாபாரியும் கிடைத்த லாரியில் ஏறி ஊர் போனார்கள். கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் என்று வரிசையாகத் தொற்று எகிறியது. அரியலூர் சென்னைக்குப் பக்கமா? கூலிக்காரன் கணக்கில் பக்கம். அன்றைக்குச் செய்தியில் "கோயம்பேடு தொற்று" என்று பேர் வைத்தார்கள். லோடுமேன்தான் நோயைக் கொண்டுவந்தான் என்று ஊர் எல்லையில் மறித்தார்கள். சந்தை மூடிய நாளில் "இந்தா ரெண்டு வாரக் கூலி, இங்கேயே இரு, சாப்பாடு தருகிறோம்" என்று சொல்லியிருந்தால் அவன் ஏன் லாரி ஏறப்போகிறான்? இதை எவரும் கேட்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டாவது, வேகம். கொரோனா தொற்றியவருக்கு அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து நாள் ஆகும் என்று அப்போது கணித்தார்கள். ராத்திரி லாரி விடியும்போது ஊரில் நிற்கும். இதைக் கணக்கோடு விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன்... ஒன்றியத் தலைவர் வந்துவிட்டார், வணக்கம் ஐயா, முன்னால் வாருங்கள். நல்ல நேரத்தில் வந்தீர்கள், இனி சொல்லப்போவது உங்களுக்குத்தான்.

இ.எஸ்.ஐ. என்ற அரசுக் காப்பீடு உள்ள தொழிலாளிக்கு உடம்பு முடியாவிட்டால் வருடத்தில் 91 நாள் வரை, கூலியில் 70 சதவீதம் கிடைக்கிறது. சந்தையில் மூட்டை தூக்குகிறவருக்கு? நல வாரிய அட்டை இருக்கிறது. கல்யாணத்துக்கு உதவி உண்டு, பிள்ளைகள் படிப்புக்கு உண்டு, ஓய்வூதியம் உண்டு. காய்ச்சலில் படுத்த நாளுக்குக் கூலி இல்லை. அதனால் அவர் படுப்பதில்லை, மாத்திரையைப் போட்டுக்கொண்டு வண்டி ஏறுகிறார். ஊசியை நிறுத்தினால்தானே நூல் நிற்கும்? நல வாரியத்திலிருந்தே காய்ச்சல் விடுப்புக்குக் கூலி வேண்டும் என்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது செய்தியை மருத்துவர் அம்மா என்னைவிட நன்றாகச் சொல்வார். மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. வணிகர் சங்கப் பெரியவர் முதல் கையெழுத்துப் போடுவதாக டீ குடிக்கும்போது சொன்னார், சாட்சிக்குச் செயலாளர் இருக்கிறார்.