எல்லாம் அந்த ஒரு சாண் இடத்தில்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வேட்டைக்காரர்கள் துப்பாக்கியையும் தோட்டாவையும் தேர்ந்தெடுப்பதில் அளவுக்கு மீறி மண்டையை உடைத்துக்கொள்கிறார்களா, இல்லையா என்பது தலைப்பு. ஆம், உடைத்துக்கொள்கிறார்கள் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி கனமான ஒரு வாதத்தை வைத்துவிட்டுப் போனார். "ஓர் உயிரை எடுக்கப் போகிறவர் அதை எந்தக் கருவியால் எடுக்கப் போகிறோம் என்று எவ்வளவு யோசித்தாலும் தகும். அந்த யோசனைதான் விலங்குக்குச் செலுத்தும் மரியாதை" என்றார். அந்த மரியாதை வேண்டும் என்பதில் எனக்கும் அவருக்கும் சண்டையே இல்லை. அது வேண்டும் என்பதால்தான் நான் அவருக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறேன். விலங்கு சீக்கிரம் சாக வேண்டும், வலி தெரியாமல் சாக வேண்டும் என்பதுதான் அளவுகோல் என்றால், அதையே கையில் எடுத்துப் பார்ப்போம்.

மானின் நெஞ்சுக்கூட்டில் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி, முன்னங்காலை ஒட்டிச் சற்றுப் பின்னால், ஏறக்குறைய ஒரு சாண் அகலம். 20 முதல் 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குண்டு அதற்குள் போய்விட்டால் ரத்த அழுத்தம் சரிகிறது, மூளைக்கு ரத்தம் நின்றுபோகிறது, சில நொடிகளில் மானுக்கு நினைவு தப்பிவிடுகிறது. அந்த நொடிகளில் அது ஐம்பது அறுபது மீட்டர் ஓடலாம். ஆனால் கதை முடிந்துவிட்டது.

அதே குண்டு ஒரு சாண் பின்னால் போனால்? மான் முதுகைக் கூனிக்கொள்ளும். பாய்ந்து ஓடாது, தளர்ந்த நடையில் புதருக்குள் போய் மறையும். நின்றிருந்த இடத்தில் போய்ப் பார்த்தால், நுரையீரல் அடிக்கு அடையாளமான நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் இருக்காது. கறுத்த ரத்தமும், அதோடு பச்சையும் பழுப்புமாக அரைபட்ட தீனியும் புல்லில் ஒட்டியிருக்கும். நாற்றம் மூக்கைத் துளைக்கும். விவரம் தெரிந்தவர் உடனே பின்னால் போக மாட்டார். போனால் அது எழுந்து இன்னும் தூரம் ஓடிவிடும், அப்புறம் கிடைக்கவே கிடைக்காது. ஆகவே மணிக்கணக்கில் காத்திருப்பார். அத்தனை மணி நேரமும் அந்த மான் உயிரோடு கிடக்கிறது. இந்த அடி .308 என்ற நடுத்தரத் தோட்டாவில் பட்டாலும் இதே கதிதான், அதைவிட மருந்து அதிகமுள்ள .300 வின்செஸ்டர் மேக்னத்தில் பட்டாலும் இதே கதிதான். சகோதரி சொன்ன மரியாதை காப்பாற்றப்படுவதும் பறிபோவதும் அந்த ஒரு சாணில்.

இனி, இத்தனை யோசனையும் எதைப் பற்றி என்று பாருங்கள். .270 என்ற இன்னொரு தோட்டாவுக்கான துப்பாக்கி வாங்குவதா, .308 வாங்குவதா என்று மாதக்கணக்கில் மண்டையைக் குழப்பிக்கொள்கிறவர்களை நம் எல்லோருக்கும் தெரியும். இரண்டு துப்பாக்கியையும் 200 கஜத்தில் குறி சரிபார்த்து வைத்துக்கொண்டு 300 கஜத்தில் சுட்டால், வழக்கமான எடைக் குண்டுகளில், .308 குண்டு குறிக்குச் சுமார் 22 சென்டிமீட்டர் கீழே விழும்; .270 சுமார் 17 சென்டிமீட்டர். வித்தியாசம் 5 சென்டிமீட்டர். அதுவும் 300 கஜத்தில்! மான் வேட்டையில் பெரும்பாலான சூடு அதில் பாதித் தூரத்துக்குள்ளேயே நடந்துவிடுகிறது. பாதித் தூரத்தில் அந்த வித்தியாசம் விரல் அகலத்துக்கும் உள்ளே அடங்கிவிடும். மேடேறி வந்து மூச்சு வாங்க, நின்ற வாக்கில், தாங்கல் எதுவும் இல்லாமல் சுடுகிறவரின் கை எவ்வளவு ஆடும்? நூறு மீட்டரிலேயே குண்டுகள் ஒரு முழத்துக்குச் சிதறும். ஒரு முழச் சிதறலைக் கையில் வைத்துக்கொண்டு விரல் அகல வித்தியாசத்துக்காக இரவெல்லாம் தோட்டா அட்டவணையைப் புரட்டுவதை யோசனை என்று எப்படி ஐயா சொல்வது?

எதிரணித் தலைவர் ஐயா இன்னொன்று சொன்னார்: "தொழில்நுட்பம் வளர்கிறது, புதுப்புதுத் தோட்டா வருகிறது, எது நல்லது என்று ஆராயத்தானே வேண்டும்" என்று. ஆராய்வோம். சுவீடனும் நார்வேயும் 1894-இல் தங்கள் ராணுவங்களுக்கு ஒரு தோட்டாவை ஏற்றுக்கொண்டன, 6.5×55. அதன் பிறகு 113 ஆண்டு கழித்து, 2007-இல், 6.5 கிரீட்மூர் வந்தது. இரண்டின் குண்டும் ஒரே விட்டம். இரண்டிலும் வழக்கமாகப் போடுவது 140 கிரெய்ன், அதாவது 9 கிராம் குண்டு. வேகமும் ஏறக்குறைய ஒன்றுதான், நொடிக்கு 800 மீட்டரை ஒட்டி. கிரீட்மூரைக் குறை சொல்லவில்லை. தூர இலக்குப் போட்டிக்காக உருவாக்கியது அது. நீளமான குண்டை வைத்துக்கொண்டே தோட்டாவை ஏற்றும் பொறி குட்டையாக உள்ள துப்பாக்கியிலும் அடங்குகிறது. அந்த வேலைக்கு அருமையான தோட்டா. ஆனால் முந்நூறு நானூறு கிலோ எடையுள்ள மூஸ் மான்களை சுவீடன், நார்வே வேட்டைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தப் பழைய 6.5-ஆலேயே வீழ்த்தி வருகிறார்கள். அப்படியிருக்க, நல்ல நிலையில் இருக்கும் ஒரு .30-06 துப்பாக்கியை விற்றுவிட்டுக் கிரீட்மூருக்கு மாறுவதா வேண்டாமா என்று ஒருவர் தூக்கம் கெட்டுக் கிடந்தால், அந்தத் தூக்கக்கேட்டால் மானுக்கு என்ன லாபம்?

யோசனை அதிகமானால் நஷ்டம் ஒன்றும் இல்லையே என்று நினைக்காதீர்கள். நஷ்டம் உண்டு, அது தோளில் தெரியும். யோசித்து யோசித்து மனிதர் போய் நிற்கும் இடம் பெரும்பாலும் மேக்னம். ".308 போதுமா? எதற்கும் இருக்கட்டும், பெரியதாகவே வாங்கிவிடுவோம்." அதே எடையுள்ள துப்பாக்கியில் .300 வின்செஸ்டர் மேக்னத்தின் உதை .308-இன் உதையைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதைச் சுட்டுப் பழக யாருக்கும் ஆசை வராது. பழகாமலே காட்டுக்குப் போவார்.

சுடும் பயிற்சி கொடுப்பவர்கள் ஒரு சோதனை வைப்பார்கள். நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத டம்மித் தோட்டா ஒன்றைச் சுடுபவருக்குத் தெரியாமல் சொருகிவிடுவார்கள். அவர் குறி பார்க்கிறார், டிரிகரை இழுக்கிறார், 'டிக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது. வெடியே இல்லை. ஆனால் குழல் முனை சரேலென்று தாழ்கிறது, கண் இறுக மூடிக்கொள்கிறது, தோள் முன்னால் தள்ளுகிறது. வரப்போகும் உதைக்குப் பயந்து உடம்பு தானாகச் செய்யும் வேலை இது. நிஜத் தோட்டா வெடிக்கும்போதும் இதே தாழ்வு நடக்கத்தான் செய்கிறது. வெடிச் சத்தமும் உதையும் அதை மறைத்துவிடுகின்றன. குண்டு எங்கோ போகிறது. அப்புறம் அவர் வீட்டுக்கு வந்து என்ன சொல்கிறார்? "இந்தத் தோட்டா சரியில்லை, வேறு பிராண்டு பார்க்க வேண்டும்." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! நடுவர் அவர்களே, அடுத்த பெட்டித் தோட்டாவுக்கான ஆராய்ச்சி இப்படித்தான் தொடங்குகிறது. மூன்று குண்டு இந்தப் பிராண்டில், மூன்று குண்டு அந்தப் பிராண்டில் சுட்டுப் பார்த்து, இது கூட்டமாக விழுகிறது, அது சிதறுகிறது என்று முடிவுகட்டுவார்கள். ஒரே பெட்டியிலிருந்து மூன்று மூன்றாக எடுத்துச் சுட்டாலும் ஒவ்வொரு முறையும் கூட்டத்தின் அளவு மாறத்தான் செய்யும். மூன்று குண்டில் தெரிவது பெரும்பாலும் தற்செயல்.

யானை வேட்டைக்காரர் டபிள்யூ.டி.எம். பெல்லின் பெயரை எதிரணி எப்படியும் இழுக்கும் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் அவர். அந்தக் கணக்கை நான் பெருமையாகச் சொல்லவில்லை. இன்று அதைக் கேட்டால் நெஞ்சு வலிக்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றை அவர் வீழ்த்தியது 7×57 என்ற சிறு துப்பாக்கியால். "பெல் விதிவிலக்கு, எல்லோரும் பெல் ஆக முடியாது" என்பார்கள். முடியாதுதான், சின்னத் துப்பாக்கியோடு யானை முன்னால் போய் நில்லுங்கள் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் அவர் எதில் மூளையைச் செலவழித்தார் என்று பாருங்கள். யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்தில் நின்றால் குண்டு எப்படிப் போக வேண்டும் என்று படித்தார். அவருடைய யோசனை முழுவதும் விலங்கைப் பற்றியது. எதிரணி கேட்கும் மரியாதைக்கு இதைவிட நெருங்கிய வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, எதிரணியின் பலமான சான்றுக்கு வருகிறேன். அமெரிக்க வேட்டைக்காரர் ஜான் நோஸ்லர் 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸ் மானைச் சுட்டார். சேறு அப்பிக் காய்ந்திருந்த அதன் உடம்பில் குண்டுகள் ஆழமாக இறங்காமல் உடைந்துபோயின. அதன் பிறகுதான் நடுவில் தடுப்பு வைத்த பார்ட்டிஷன் குண்டை அவர் உருவாக்கினார். "பார்த்தீர்களா, குண்டைப் பற்றி யோசித்ததால்தானே வந்தது" என்று எதிரணிச் சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி. நோஸ்லர் யோசித்தார், நன்றாகவே யோசித்தார். அந்த யோசனையின் பலன் இன்று கடையில் பெட்டியில் அடைத்துக் கிடைக்கிறது! பெரிய விலங்குக்கென்று செய்த, நெஞ்சுவரை இறங்கும் குண்டை ஒரு தடவை பார்த்து வாங்கினால் போதும். அவர் பட்ட பாட்டால் நமக்கு வேலை குறைந்திருக்கிறது. நாம் அதைக் கூட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஈயக் குண்டு விஷயத்தில் எதிரணி சொன்னதை நான் முழுதாக ஏற்கிறேன். ஈயம் சிறுசிறு துகளாகச் சிதறுகிறது. காட்டில் விட்டுவந்த குடலைத் தின்னும் கழுகுகள் நஞ்சேறிச் சாகின்றன. காண்டார் கழுகுகளை இழந்துகொண்டிருந்த கலிஃபோர்னியா, 2019 ஜூலை 1 முதல் வேட்டையில் ஈயத் தோட்டாவையே முழுதாகத் தடை செய்தது. தாமிரக் குண்டுக்கு மாற வேண்டும் என்பது யோசித்தே ஆக வேண்டிய முடிவு. தாமிரக் குண்டு உடம்பில் பட்டதும் விரிந்துகொடுக்க வேகம் வேண்டும், ஆகவே சுடும் தூரத்தைக் கொஞ்சம் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும்; குண்டு படும் இடம் மாறும், ஆகவே குறியைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலை இது.

கருவிக்கு ஒரு கீழ்வரம்பு வேண்டாமா என்றால், வேண்டும். ஜெர்மனியின் சட்டம் சிறிய ரோ மானுக்கு 100 மீட்டரில் குண்டின் ஆற்றல் 1000 ஜூல், மற்ற குளம்பு விலங்குகளுக்குக் குறைந்தது 6.5 மில்லிமீட்டர் விட்டமும் 2000 ஜூலும் என்று வரம்பு கட்டியிருக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டியபின் எதை எடுக்கிறீர்கள் என்று அது கேட்பதில்லை. நார்வேயைப் பாருங்கள்: பெரிய விலங்கு வேட்டைக்குப் போகிறவர் ஒவ்வோர் ஆண்டும் தேர்வு எழுதுவதுபோல் சுட்டுக் காட்டியாக வேண்டும். 100 மீட்டரில் 5 குண்டு, ஐந்தும் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள். வட்டத்துக்கு வெளியே போனால், எத்தனை விலை உயர்ந்த துப்பாக்கி என்றாலும் தேறும்வரை வேட்டை கிடையாது. விலங்கின் பேரில் அக்கறைப்பட்டு ஒரு நாடு எதைச் சோதிக்கிறது என்று பாருங்கள். கையைச் சோதிக்கிறது.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். சட்டம் சொல்லும் வரம்புக்குக் குறையாத தோட்டா, அந்த விலங்குக்கென்றே செய்த குண்டு, அது விரிந்துகொடுக்கும் தூரம்; குண்டு அந்த ஒரு சாணுக்குள் பட்டிருக்கிறது; இருந்தும், துப்பாக்கி .308 என்ற ஒரே காரணத்தால் மான் தப்பி ஓடி எங்கோ கிடந்து வதைபட்டது, .300 மேக்னமாக இருந்தால் விழுந்திருக்கும். இப்படி ஒன்றை அவர் எடுத்துக் காட்டட்டும். அதைக் கேட்ட பிறகு நடுவர் அவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.