நாலு வார்த்தை சொன்னா என்ன?

(சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்துச் சமூக மன்றம் ஒன்றில் நடந்த பட்டிமன்றத்தில் பேசியது. தலைப்பு: வீட்டில் பார்த்த படத்துக்குக் கருத்துச் சொல்வது சுகமா, சுமையா? நான் ‘சுகமே’ அணி.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில உக்காந்திருக்கிற தம்பிக்கும் அக்காவுக்கும், சனிக்கிழமை சாயங்காலம் டிவியை அணைச்சிட்டு இங்க வந்திருக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம். அணைச்சிட்டு வந்தீங்களா, பாதியில நிறுத்தி வெச்சிட்டு வந்தீங்களாங்கிறது உங்க மனசாட்சிக்குத்தான் தெரியும்.

எனக்கு முன்னாடி பேசின தம்பி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுட்டுப் போனார். "முந்நூறு பேர் ரெண்டு வருஷம் வெயில்லயும் மழையிலயும் உழைச்சு ஒரு படம் எடுக்குறாங்க. நீங்க சோபாவுல சாஞ்சுக்கிட்டு, முறுக்கைக் கடிச்சுக்கிட்டு, மொக்கைன்னு ஒரே வார்த்தையில தள்ளிடுறீங்க. கருத்துச் சொல்ல உங்களுக்கு என்ன தகுதி?"ன்னு கேட்டார். கை தட்டினீங்க. நானும் தட்டினேன், நல்லாத்தான் பேசினார்.

தகுதின்னு கேட்டதால சொல்றேன். எங்க அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, வயசு 69. படம் பாக்கும்போது அவங்க கை சும்மா இருக்காது. தரையில பழைய தமிழ் முரசை விரிச்சு, அரைக் கிலோ நெத்திலியைக் கொட்டி, ஒவ்வொண்ணாத் தலையைக் கிள்ளி, வயித்துல இருக்கிற கறுப்பை நகத்தால எடுத்து, ரெண்டாப் பிளந்து கிண்ணத்துல போட்டுக்கிட்டே இருப்பாங்க. கண்ணு மட்டும் டிவியில இருக்கும்.

போன மாசம் ஒரு படம் பாத்தோம். கதாநாயகன் மீன் சந்தையில வேலை பாக்குறவனாம். கோவத்துல ஒரு பெரிய மீனை நடுவுல நிறுத்தி வெட்டுறான், பின்னாடி மேளம் அதிருது, எங்க வீட்டு ஜன்னலும் அதிருது. அத்தை நிமிந்து பாத்தாங்க. "இவன் மீன் வெட்டுறவன் இல்ல"ன்னாங்க.

என் வீட்டுக்காரர் கேட்டார், "ஏம்மா?"

"செதிலே எடுக்கலயேடா. வால்லேர்ந்து தலைப் பக்கமா உரசி எடுத்துட்டுல்ல கத்தி வைக்கணும்? விரலை வெச்சிருக்கிற இடத்தைப் பாரு. நெசமாவே சந்தையில நின்னிருந்தா முதல் நாளே போயிருக்கும்."

ஐயா, ஒளிப்பதிவு, படத்தொகுப்புன்னு சொன்னா அத்தைக்கு ஒரு எழுத்துத் தெரியாது. ஆனா அந்த நடிகர் நாலு நாள் ஈரச்சந்தையில போய் நின்னு பாத்திருக்கலாம்ங்கிறதை நெத்திலி கிள்ளிக்கிட்டே சொல்லிட்டாங்க. அந்தப் படத்துக்கு வந்த விமர்சனம் அஞ்சாறு நான் படிச்சேன். ஒருத்தர் கண்ணுலயும் அந்தச் செதில் படல.

இன்னொரு நாள் என் நாத்தனார் வந்திருந்தா. அவ தாதி. படத்துல ஆஸ்பத்திரிக் காட்சி. திரையில கோடு நேரா ஓடுது, ‘பீ…’ன்னு சத்தம். டாக்டர் இஸ்திரிப் பெட்டி மாதிரி ரெண்டை எடுத்து நெஞ்சுல வெச்சு ஷாக் கொடுக்குறார், ஆள் ஒரு அடி துள்ளி விழுறார், உயிர் வந்துடுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இவ விழுந்து விழுந்து சிரிக்கிறா. "அண்ணி, நேர்கோட்டுக்கு ஷாக் கொடுக்க மாட்டாங்க. இதயம் தாறுமாறாத் துடிக்குதுன்னாத்தான் ஷாக். துடிப்பே இல்லன்னா நெஞ்சை அமுக்கணும், மருந்து கொடுக்கணும்." சொல்லிட்டு விடல. படத்தை நிறுத்தி, சோபா மெத்தையைக் கீழ போட்டு, நிமிஷத்துக்கு 100-லேர்ந்து 120 தடவை, அஞ்சு சென்டிமீட்டர் இறங்கணும்னு எங்க எல்லாரையும் அமுக்க வெச்சா. எங்க புளோக் கீழ லிப்ட் பக்கத்துல ஏஇடி பெட்டி ஒண்ணு தொங்குது, இதயம் தாறுமாறாத் துடிச்சா ஷாக் கொடுக்கிற கருவி. தினமும் அதைத் தாண்டித்தான் போறோம், வர்றோம். அது என்னத்துக்குன்னு அத்தைக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. படம் சுமார்தான், அது வேற விஷயம்.

மொக்கைன்னு ஒரு வார்த்தையோட எழுந்து போறவங்களுக்காக நான் வாதாட வரல, தம்பி. அந்த ஒரு வார்த்தையை உங்களுக்கே விட்டுக் கொடுக்கிறேன். ஆனா வீட்டுல அப்படிச் சொல்லிட்டு யாராவது தப்பிச்சுப் போயிருக்காங்களா? "ஏன் மொக்கை?"ன்னு ஒருத்தர் கேப்பாங்க. அங்கதான் பேச்சே ஆரம்பிக்குது.

உழைப்புக்கு மரியாதை பத்தியும் பேசினீங்க. ‘அன்பே சிவம்’ 2003 பொங்கலுக்கு வந்துச்சு. தியேட்டர்ல ஓடல. இன்னிக்கு அந்தப் படம் ஓடலன்னு சொன்னா உங்க வயசுப் பிள்ளைங்க நம்ப மாட்டாங்க. அதைக் காப்பாத்தினது யாரு? டிவியில போடப் போட, வீட்டுல உக்காந்து பாத்துட்டு, "நீ இன்னும் பாக்கலியா, உக்காரு, பாரு"ன்னு பக்கத்துல இருக்கிறவனை இழுத்து உக்கார வெச்சவங்க. சோபாவுல சாஞ்சு முறுக்கு கடிச்ச அதே ஆளுங்கதான், தம்பி!

அடுத்து எதிரணி அக்கா. அவங்க சுமைன்னு சொன்னது, முடிவைப் போட்டு உடைக்கிறவங்களை. அக்கா, இதுல நான் உங்க கட்சி. எங்க வாட்ஸ்அப் குழுவுல ஒருத்தர் இருக்கார். படம் வந்த அன்னிக்கு ராத்திரியே, "கடைசில தங்கச்சிதான் கொலைகாரி, எதிர்பார்க்கவே இல்ல!"ன்னு போடுவார். நாங்களும் எதிர்பார்க்கல, அவர் சொல்லுவார்னு. ஆனா அது கருத்து இல்லக்கா, அது செய்தி. அத்தை கருத்துச் சொன்னாங்கன்னா கதையே வெளிய வராது, ஏன்னா அவங்களுக்குப் பேரே ஞாபகம் இருக்காது. "அந்த மூக்குத்தி போட்ட பொண்ணு நல்லா நடிச்சா, அந்த வழுக்கைத்தலை கொஞ்சம் அதிகமாக் கத்துறான்." இதுல எந்த முடிவு உடையுது?

நல்ல கருத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கு. படத்துல என்சி16-ன்னு போட்டிருக்கும். யார் பாக்கலாம், யார் பாக்கக் கூடாதுன்னு அது சொல்லிடும். எதிர்வீட்டு அக்கா சொல்றது வேற: "படம் நல்லாருக்கு, ஆனா மாமியாரோட பாக்காத." அந்தத் தரச்சான்று வேற எங்கயும் கிடைக்காது.

சரி, விளையாட்டு போதும். நான் சொல்ல வந்தது இனிமேதான் இருக்கு.

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல, வீட்டுல அதிகமாப் பேசுற மொழி தமிழ்னு சொன்னவங்க இந்த ஊர்ல 3.3 விழுக்காடு. 2020-ல அது 2.5. தமிழ்ல பேசு பேசுன்னு நாம எல்லாரும்தான் சொல்றோம். என்னத்தைப் பேசுறது? "வீட்டுப்பாடம் முடிச்சியா?" "டன்." "சாப்பிட்டியா?" "ம்." இதுக்கு எந்த மொழியா இருந்தா என்ன? பள்ளிக்கூடத்துல வாய்மொழித் தேர்வுக்கு ஒரு ஒளிக்காட்சியைப் போட்டுக் காட்டி, இதைப் பத்தி உன் கருத்து என்னன்னு கேக்குறாங்க. அதுக்குத் துணைப்பாட வகுப்புக்குக் காசு கட்டி அனுப்புறோம். அதையே வீட்டுல ஓசியில செஞ்சா சுமைங்கிறாங்க எதிரணி!

எங்க வீட்டுல என் பையனும் அத்தையும் இப்படித்தான் இருந்தாங்க, ஒரு ‘ம்’ல. ஒரு நாள் அத்தை ‘நினைத்தாலே இனிக்கும்’ போடச் சொன்னாங்க. 1979-ல வந்த படம், இங்க சிங்கப்பூருக்கு வந்து எடுத்தது. பையன் போன்ல இருந்தான். அதுல ரஜினி பந்தயம் கட்டுவார். சிகரெட்டைப் பத்துத் தடவை தூக்கிப் போட்டு வாயில பிடிச்சா கார், தவறினா விரல். ஜெயிச்சாரா இல்லையான்னு நான் சொல்ல மாட்டேன், அக்கா என்னைப் பாக்குறாங்க. பையன் தலையைத் தூக்கி, "பாட்டி, கீழ விழுந்தா விரலை விடு, என்இஏ அபராதம் போடும்"ன்னான். கீழ குப்பை போட்டாப் பிடிக்கிற அரசாங்க அமைப்புல்ல அது! அத்தை சிரிச்சாங்க பாருங்க, கிண்ணத்து நெத்திலி கொட்டிப் போச்சு. அப்புறம் அவன், "இது எந்த ஊரு?"ன்னு கேட்டான். "இதுதான்டா." "பொய்." அவ்வளவுதான். படத்தை நிறுத்தி நிறுத்திப் பின்னாடி தெரியுற ரோட்டைக் காட்டி, செம்பவாங் கம்பத்துல, அதான் அந்தக் காலத்துக் கிராமத்துல, தண்ணி தூக்கின கதை, தாத்தா கப்பல் பட்டறையில வெல்டிங் அடிச்சிட்டு ராத்திரி கண்ணெரிச்சலோட வந்து படுத்த கதைன்னு, ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓடுற படத்தை நாலு மணி நேரம் பாத்தோம். பதினெட்டு வருஷமா ஒரே வீட்டுல இருக்கான், அவங்க தாத்தா வெல்டர்னு அவனுக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

இப்ப அவன் தேசிய சேவைக்கு, அதான் கட்டாய ராணுவப் பயிற்சிக்கு, போயிட்டான். தெக்கோங் தீவுல இருக்கான். அத்தைக்கு எழுத்து அனுப்ப வராது. குரல் செய்தி அனுப்பக் கத்துக்கிட்டாங்க. இதோ மணியடிக்கக் கையைத் தூக்குறீங்க ஐயா, ஒரே ஒரு நிமிஷம்.

போன வாரம் ஒரு படம் பாத்துட்டு, அத்தை போனை வாய்க்கு நேரா, கோப்பிக் குவளையைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சுக்கிட்டு அனுப்புனாங்க. "தம்பி, அந்தப் பையன் வீட்டை விட்டுப் போறான்ல, அவன் அழுதிருக்கக் கூடாது. ஆம்பளைப் பிள்ளை ஏன் அப்படி அழுவுறான்? அது ஒண்ணுதான் எனக்குப் பிடிக்கல."

ராத்திரி பத்து மணிக்குப் பதில் வந்துச்சு. அவனும் அந்தப் படத்தைப் பாத்திருக்கான் போல. மெதுவாப் பேசுறான், பக்கத்துல மத்த பையன்கள் தூங்கியிருப்பாங்க. "இல்ல பாட்டி. அந்தக் காட்சிதான் சரியா எடுத்திருக்காங்க. எங்க செக்ஷன்ல ஒருத்தன் இருக்கான், முதல் வாரம் முழுக்கப் போர்வைக்குள்ள அப்படித்தான் அழுதான். சத்தம் வராம. படத்துலயும் சத்தம் வெக்கல, கவனிச்சீங்களா?"

அத்தை அதை மூணு தடவை போட்டுக் கேட்டாங்க. என்கிட்ட, "அந்த ஒருத்தன் யாருன்னு எனக்குத் தெரியும்"ன்னாங்க. அப்புறம் போனை எடுத்து, "சரி தம்பி, நீ சொன்னது சரிதான், நான்தான் சரியாப் பாக்கல. அந்தப் பையன்கிட்ட சொல்லு, சனிக்கிழமை வெளிய விடும்போது வீட்டுல நெத்திலி சம்பல் இருக்கும்னு."

மணி அடிச்சுட்டீங்க ஐயா. நன்றி, வணக்கம்.