கேப்டன் அமெரிக்கா ஏன் அழுதார்?

(காட்சி: குன்னூர். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. மேசைமேல் ஐந்து காமிக்ஸ் இதழ்கள்.)

வணக்கம். குன்னூரில் காலையிலிருந்து பனி விலகவில்லை. எதிரே இருக்கும் தேயிலைத் தோட்டம்கூடத் தெரியவில்லை. இப்படிப்பட்ட நாட்களில் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பது, கேப்டன் அமெரிக்கா இருக்கும் சூப்பர்ஹீரோ குழுவான அவெஞ்சர்ஸின் காமிக்ஸ், 273 முதல் 277 வரையிலான இதழ்கள். 1986, 87இல் வந்தவை. கதை ரோஜர் ஸ்டெர்ன், ஓவியம் ஜான் புஸ்செமா, அதற்கு மை தீட்டியவர் டாம் பால்மர்.

உலகம் அழியப்போகிறது என்ற மிரட்டல் எதுவும் இந்தக் கதையில் கிடையாது. இத்தனை பெரிய சண்டையும் நியூயார்க்கில் இருக்கும் ஒரு மாளிகைக்குள்தான் நடக்கிறது. அவெஞ்சர்ஸ் குடியிருக்கும் வீடு அது. அதனால்தான் எனக்கு இந்தக் கதை இவ்வளவு நெருக்கமானது.

(காட்சி: 1964, 1965 இதழ்களின் பக்கங்கள்.)

பகை ஒரு தலைமுறை பழையது. மாஸ்டர்ஸ் ஆஃப் ஈவில் என்ற வில்லன் கூட்டணி 1964இல் ஆறாவது இதழில் முதன்முதலாக வருகிறது. அதைச் சேர்த்தவன் ஹைன்ரிக் ஜீமோ. மறு ஆண்டு 15ஆவது இதழில் கேப்டன் அமெரிக்காவோடு மோதும்போது, அவன் சுட்ட கதிர் தவறிப் பாறைகளில் பட்டு, அவை அவன் மேலேயே சரிந்து விழுகின்றன. மலையில் வாழும் நமக்குப் பாறைச் சரிவு எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் மகன் ஹெல்முட் ஜீமோ அந்தச் சாவைக் கேப்டனின் கணக்கில்தான் எழுதுகிறான்.

மகன் தந்தையைவிடப் பொறுமைசாலி. உறுமீன் வரும்வரை வாடியிருக்கும் கொக்கைப் போல, மாளிகையில் காவல் குறையும் நேரத்துக்குக் காத்திருக்கிறான். திரட்டிய ஆட்களோ ஒரு டஜனுக்கும் மேல். உள்ளே புகுந்ததும் பிளாக்அவுட் என்பவனைக் கொண்டு மாளிகையைச் சுற்றி இருளால் சுவர் எழுப்புகிறான். வீட்டுக்காரர்கள் வெளியே, பகைவர்கள் உள்ளே.

அவெஞ்சர்ஸில் ஒருவனான பலசாலி ஹெர்குலஸ் விழும் இடத்தைக் கவனியுங்கள். குழுவின் தலைவி வாஸ்ப் என்ற ஜேனட் வான் டைன். ஒரு பெண்ணின் சொல்லுக்கு நான் கட்டுப்படுவதா என்ற வீம்பு அவனுக்கு. போதாததற்குக் குடிபோதை. அவள் தடுத்தும் தனியாக உள்ளே பாய்கிறான். பலர் சேர்ந்து அடித்து நினைவிழக்கச் செய்கிறார்கள். தோற்றது அவனுடைய பலமா? அவள் பேச்சைக் கேட்காத அந்த வீம்பு என்றுதான் நான் சொல்வேன்.

அடுத்து வரும் பக்கங்களைப் படிப்பதற்கு மனம் திடமாக இருக்க வேண்டும். உள்ளே சிக்கிக்கொண்ட கேப்டனைக் கட்டிப்போட்டு, அவர் கண் முன்னாலேயே பட்லர் ஜார்விஸை ஜீமோவின் ஆளான மிஸ்டர் ஹைட் அடித்து நொறுக்குகிறான். ஜார்விஸுக்கு எந்தச் சக்தியும் கிடையாது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வயதான மனிதர், அவ்வளவுதான். கேப்டனின் சொந்தப் பொருள்களையும் விடவில்லை. அவருடைய பழைய கேடயம் போகிறது. அவருடைய தாயின் புகைப்படமும் கிழிகிறது.

(காட்சி: மருத்துவமனைச் சண்டைப் பக்கம்.)

இங்கிருந்து கதை வாஸ்பின் கைக்குப் போகிறது. ஹெர்குலஸ் கிடக்கும் மருத்துவமனைக்கே ஜீமோவின் ஆட்களான டைட்டானியாவும் அப்சார்பிங் மேனும் வந்துவிடுகிறார்கள். எதிர்த்து நிற்பவர்கள் வாஸ்பும் ஆன்ட்மேன் ஸ்காட் லாங்கும், அதாவது குளவி அளவில் ஒருத்தி, எறும்பு அளவில் ஒருவன். ஜெயிப்பது இவர்கள்தான். பிறகு தோர், டாக்டர் ட்ரூயிட் என்று ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொண்டு அவள் மாளிகைக்குத் திரும்புகிறாள்.

இறுதிப் போர் 277ஆவது இதழில். தோரின் சுத்தியல் முழங்கினாலும், என் கண்ணில் அந்தப் போரைத் திருப்பியவன் பிளாக்அவுட்தான். அதுவரை பிறர் ஏவியதையே செய்துவந்தவன், ட்ரூயிட் கொடுத்த தெம்பில் ஜீமோவின் கட்டளையை எதிர்க்கிறான். அந்தப் போராட்டத்திலேயே அவன் உயிர் போய்விடுகிறது. கடைசியில் கூரைமேல் கேப்டனும் ஜீமோவும் மட்டும். ஜீமோ கூரையிலிருந்து விழுகிறான்.

வெற்றிக்குப் பிறகு, இடிந்து கிடக்கும் அந்த வீட்டுக்குள் கேப்டன் அமெரிக்கா தன் தாயின் படத்தை நினைத்து அழுகிறார். சிறுவயதில் எனக்கு இது விளங்கவில்லை. ஜெயித்தவர் ஏன் அழ வேண்டும்?

2009 நவம்பரில் குன்னூருக்குப் பக்கத்திலிருக்கும் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பெரியம்மா வீட்டின் பின்சுவர் மண்ணோடு போனது. நல்லவேளை, எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். மழை விட்டதும் நாங்கள் பாத்திரங்களையும் பத்திரங்களையும் தேடினோம். பெரியம்மா தேடியது பெரியப்பாவின் படத்தை. சட்டம் கிடைத்தது, கண்ணாடியும் முழுசாக இருந்தது. உள்ளே சேற்றுத் தண்ணீர் ஏறி, முகம் இருந்த இடம் வெள்ளையாக உரிந்து போயிருந்தது. சட்டைக் காலரும் ஒரு காதும்தான் மிச்சம். அதை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

(காட்சி: 277ஆவது இதழின் இறுதிப் பக்கம். சற்று நேரம் மௌனம்.)

படிக்க விரும்புகிறவர்கள் 273இலிருந்தே தொடங்குங்கள். 277ஐ மட்டும் தனியாக எடுக்காதீர்கள். அந்த வீடு முழுசாக நிற்பதை நீங்களும் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும்.