படபடப்புக்கு மூலிகை: முதலில் தேத்தண்ணிக் கணக்கு

அம்மாமாரே, ஐயாமாரே, பிள்ளைகளே,

நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, இரவில் தூக்கம் இல்லை, எந்த மூலிகை நல்லது? எங்கே போனாலும் இதுதான் கேள்வி. வல்லாரைக்கும் அமுக்கராவுக்கும் (அஸ்வகந்தா) போகுமுன், நாம் ஏற்கனவே நாள் முழுக்கக் குடிக்கிற மூலிகை ஒன்றைப் பார்த்துவிடுவோம். 1867இல் இலங்கையில், கண்டிப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை நட்ட காலத்திலிருந்து மலையகத்தில் நம்மைச் சுற்றி நிற்கிற தேயிலைச் செடிதான் அது.

பிரட்டுக்கு, அதாவது காலையில் பெயர் கொடுத்து வேலை பிரிக்கிற இடத்துக்கு, போகுமுன் ஒரு கோப்பை, பத்து மணிக்கு ஒன்று, பகல் சோற்றோடு ஒன்று, கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததும் ஒன்று, விளக்கு வைத்த பிறகு இன்னொன்று. தூக்கத்தை விரட்டுகிற கஃபீன் என்ற பொருள் கோப்பைக்கு 40, 50 மில்லிகிராம் என்று வையுங்கள். டஸ்ட் தூளைச் சட்டியில் போட்டுக் கொதிக்கவிட்டால் இன்னும் கூடும். குடித்ததில் பாதி உடம்பை விட்டுக் கழிய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். கர்ப்பிணிகளுக்கு அதைவிட வெகு நேரம். இரவு ஏழு மணிக்குக் குடித்த பிளேன்டீயின் (பால் சேர்க்காத தேத்தண்ணி) கஃபீனில் பாதி, நடுச்சாமத்திலும் இரத்தத்தில் இருக்கிறது. அதற்கு மேல் எந்தக் கஷாயத்தைக் குடித்துத் தூங்குவது?

தேயிலையில் மனதை அமைதிப்படுத்தும் தியனைன் இருக்கிறதே என்று படித்த பிள்ளைகள் கேட்பார்கள். இருக்கிறது. 1949இல் ஜப்பானில் பிரித்தெடுத்தார்கள். ஆனால் ஆய்வுகளில் கொடுப்பது பெரும்பாலும் 200 மில்லிகிராம். நம் கோப்பையில் இருப்பது அதில் ஒரு சிறு பங்கு. அதை நம்பி ஆறாவது கோப்பையை ஊற்றக் கூடாது.

குறைப்பதற்கும் முறை உண்டு. ஒரே நாளில் நிறுத்தினால் மறுநாளே தலைவலி பிளக்கும், எரிச்சல் வரும். "தேத்தண்ணி இல்லாமல் முடியாது" என்று மறுபடி அடுப்படிக்குப் போய்விடுவோம். மூன்று நாளைக்கு ஒரு தடவை ஒரு கோப்பை வீதம், மாலைக் கோப்பையிலிருந்து தொடங்கிக் குறையுங்கள். அந்த இடத்தில் பெலிமல், அதாவது வில்வம்பூ, வைக்கலாம். காய்ந்த பூ ஒரு தேக்கரண்டியை ஒரு கோப்பைத் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியோடு குடியுங்கள். பிளேன்டீயின் சடங்கு அப்படியே இருக்கும், கஃபீன் இருக்காது.

அடுத்தது இரத்தச்சோகை. கொழுந்து மலையில் ஏறும்போது மூச்சு வாங்குகிறது, நெஞ்சு அடிக்கிறது, கை நடுங்குகிறது என்றால் அது மனப்பதற்றமாகவே இருக்க வேண்டியதில்லை. இரத்தம் குறைந்தாலும், கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியின் வேலை கூடினாலும் இதே அடையாளங்கள்தான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டி நின்றால் மூலிகையைத் தேடாதீர்கள். ஆசுப்பத்திரியில் இரத்தம் பாருங்கள். சோற்றோடு சேர்த்துக் குடிக்கிற தேத்தண்ணி இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரும்புக் குளிசையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு விழுங்குங்கள்.

இனி வல்லாரை. பீலியடியிலும் (தண்ணீர் விழும் குழாயடி) கான் (வடிகால்) ஓரத்திலும் தானாகவே படர்கிறது. அங்கேதான் ஆபத்தும். களைமருந்து அடித்த மலையின் தண்ணீர் அந்தக் கானில்தான் இறங்குகிறது. லயத்து (வரிசை வீடுகளின்) கழிவுநீரும் அதில்தான் சேர்கிறது. அங்கே பறிக்காமல், வேரோடு நாலு கொடியை எடுத்து வந்து பழைய வாளியில் நடுங்கள். ஈரமும் அரை நிழலும் போதும், ஒரு மாதத்தில் வாளி நிறைந்துவிடும்.

சம்பலுக்கு இரண்டு கைப்பிடி இலை. மூன்று தண்ணீரில் அலசி, நன்றாக வடியவிட்டு, தண்டோடு மெல்லியதாக அரியுங்கள். சின்ன வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், திருவிய தேங்காய், உப்பு சேர்த்துக் கையால் பிசறுங்கள். தேசிக்காயைச் சாப்பிட உட்காரும்போதுதான் பிழிய வேண்டும். முன்னாலேயே பிழிந்தால் புளிப்பில் இலையின் பச்சை செத்துப் பழுப்பாகிவிடும், தண்ணீரும் விட்டுக்கொள்ளும். இலைக்கஞ்சியிலும் அப்படித்தான்: அரிசி குழைந்த பிறகு தேங்காய்ப்பாலும் வடித்த வல்லாரைச் சாறும் ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும்.

இதன் பலன் எவ்வளவு? 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், நலமாயிருந்த 40 பேரில் ஒரு பகுதியினர் 12 கிராம் வல்லாரையை ஒரே தடவையில் சாப்பிட்டார்கள். திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது அவர்களிடம் குறைந்தது. மனநிலை எப்படி என்று கேட்டதற்கு அவர்கள் சொன்னதில் வேறுபாடு இல்லை. உலர்ந்த 12 கிராம் என்றால் பச்சை இலையில் ஏறத்தாழ 100 கிராம். நம் சம்பலில் ஒருவருக்கு அவ்வளவு வராது. ஆகவே இதை நல்ல கறியாக எண்ணிச் சாப்பிடுங்கள், மருந்தாக எண்ணி ஏமாற வேண்டாம்.

அமுக்கரா அப்படியல்ல, அது மருந்தேதான். இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வில் வேரின் சாரத்தை 300 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு வேளை, 60 நாள் கொடுத்தார்கள். மன அழுத்தம் குறைந்தது. நம் கடைகளில் கிடைக்கிற அமுக்கராச் சூரணம் வேறு சரக்கு. அதன் கணக்கு அழகானது: கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ இரண்டு, ஏலம் நாலு, மிளகு எட்டு, திப்பிலி பதினாறு, சுக்கு முப்பத்திரண்டு, அமுக்கரா அறுபத்துநாலு, கடைசியில் சர்க்கரை நூற்றிருபத்தெட்டு. கூட்டிப் பாருங்கள், பாதிக்குப் பாதி சர்க்கரை! சீனி வியாதிக்காரர் இதைத் தெரிந்துகொண்டே தொட வேண்டும். மிளகும் திப்பிலியும் மற்றக் குளிசைகள் இரத்தத்தில் சேருகிற அளவைக் கூட்டக்கூடியவை. அமுக்கராவோ தைரொயிட் சுரப்பைக் கூட்டலாம். தைரொயிட் கூடியதால் வந்த படபடப்புக்கு இதைக் கொடுப்பது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுகிற வேலை. அரிதாக ஈரலும் பாதிக்கப்படுகிறது. கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால் அன்றே நிறுத்துங்கள். கர்ப்பிணிகளுக்கு இது வேண்டவே வேண்டாம்.

நம் பனிக்கும் மழைக்கும் சூரணம் எளிதில் ஈரம் பிடிக்கும். கட்டி தட்டினாலோ பூஞ்சண வாடை அடித்தாலோ கொட்டிவிடுங்கள், வறுத்துச் சரிபண்ணப் பார்க்காதீர்கள். கஷாயத்துக்கும் மலையில் ஒரு சிக்கல் உண்டு. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கிறது: அட்டன் பக்கம் 96 பாகை அளவில், நுவரெலியாவில் 94 அளவில். எட்டுக் கோப்பையை ஒன்றாக வற்ற வைக்கிற வேர்க் கஷாயத்தை, கேஸ் விலையை நினைத்துப் பாதியிலேயே இறக்கினால் அளவு பிசகிவிடும். மண்சட்டியில், மூடாமல், சிறு தீயில் வற்றட்டும். துளசிக்கு நேர்மாறு. பத்து இலையில் கொதிநீரை ஊற்றி, மூடி, பத்து நிமிடம் வையுங்கள். மூடாவிட்டால் அதன் வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும்.

கண்டி, மாத்தளைப் பக்கத்துச் சாதிக்காயைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இரவில் பாலில் ஒரு சிட்டிகை உரசிப் போடுவது பழைய வழக்கம், அதில் தவறில்லை. ஐந்து கிராமைத் தொட்டால் அது நஞ்சு. ஒரு முழுக் கொட்டையே அந்த அளவுக்கு வந்துவிடும். நெஞ்சு வேகமாக அடிக்கும், வாய் வறளும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். நஞ்சு வேலை செய்யத் தொடங்கவே சில மணி நேரம் ஆகும். "இன்னும் தூக்கம் வரவில்லையே" என்று இரண்டாம் தரம் உரசிப் போடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சர்ப்பகந்தி, சிங்களத்தில் ஏகவேரிய என்கிறார்களே, அதைக் கடையில் சில்லறையாக வாங்கவே வேண்டாம். அதிலிருந்துதான் 1952இல் ரெசர்ப்பின் என்ற மருந்தை எடுத்தார்கள். இரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும், மனச்சோர்வையும் கொண்டுவரலாம். பதிவுபெற்ற வைத்தியர் கையில் மட்டும் இருக்க வேண்டிய வேர் அது.

மனநல கிளினிக்கில் குளிசை எடுப்பவர்கள் மூலிகையை நம்பி அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. சில குளிசைகளைச் சட்டென்று விட்டால் வலிப்புகூட வரலாம். தூக்கக் குளிசையோடு அமுக்கராவும் சேர்ந்தால் மயக்கம் கூடும்; மறுநாள் காலை சரிவில் ஏறுகிறவருக்கு அது கீழே விழுவதில் முடியும். உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தால் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்காமல் 1926க்கு அழையுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம். கிளினிக்குக்குப் போகிற நாளில் மருந்துக் கடைப் பொட்டலத்தையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பொட்டலத்தில் பெயர் இல்லையென்றால், வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லி எழுதி வாங்குங்கள்.