தோன்றா எழுவாய்

நடுவர் அவர்களே, இரு அணிப் பேச்சாளர்களே, எங்கள் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவுக்கு மழையையும் பாராமல் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மாரே, தம்பி தங்கைமாரே, வணக்கம்.

பொலிஸாரின் கையால் ஓர் உயிர் போய், அதற்கு நீதி கேட்டு மக்கள் தெருவில் இறங்கும்போது, அந்தக் குரலைத் திசைதிருப்புவதில் பெரும் பங்கு அரசியல்வாதிகளுக்கா, ஊடகங்களுக்கா என்பது இன்றைய கேள்வி. எதிரணி அண்ணன் அரசியல்வாதிகளை வரிசையாகக் கூண்டில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார். ட்ரம்ப் வந்தார், தமிழ்நாட்டு முதலமைச்சர் வந்தார், எங்கள் அமைச்சர் ஒருவரும் வந்தார். அண்ணன் சொன்ன செய்திகளில் ஒன்றையும் நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அவர்கள் எல்லாரும் இரண்டாவதாகப் பேசியவர்கள். அவர்கள் வாய் திறக்க முன்னமே ஊடகத்தில் ஒரு வசனம் எழுதப்பட்டு ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த முதல் வசனத்தைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

2016 ஒக்ரோபர் 20ஆம் திகதி இரவு, கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியில், மோட்டார் சைக்கிளில் வந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீட மாணவர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். விடிந்ததும் என்னுடைய கைபேசிக்கு வந்த செய்தி, விபத்தில் மாணவர் இருவர் பலி என்பது. பொலிஸார் விபத்து என்றார்கள், செய்தியும் விபத்து என்றே வந்தது. நானும் அப்போது அதே பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இருக்க முடியாமல் இந்த வாசிகசாலைக்குத்தான் வந்தேன். பேப்பர் மேசையைச் சுற்றி வழக்கமான ஐயாமார் இருந்தார்கள். ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னார்: "உந்தப் பெடியள் இரவிலை கண்மண் தெரியாமல்தானே ஓடுறாங்கள். தாய் தேப்பன்ரை சொல்லைக் கேட்டால்தானே." மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

அந்த ஐயா கெட்டவர் இல்லை. எங்கள் ஒழுங்கையில் யாருடைய வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாகப் போய் நிற்பவர். அவருக்குக் கிடைத்த வசனத்தில் "விபத்து" என்று இருந்தது. விபத்து என்றால் ஓடியவர் மீது ஒரு பங்கு பிழை வைக்கலாம், அவர் வைத்தார். பிரேத பரிசோதனையில் சூட்டுக் காயம் என்று வெளிவந்தது. ஐந்து பொலிஸார் கைதாகி விளக்கமறியலுக்குப் போனார்கள். மறித்தும் நிற்காமல் போனார்கள், அதனால் சுட்டோம் என்று விளக்கம் மாறியது. ஆனால் அந்தக் காலை நேரம் முழுவதும், இறந்த இரண்டு பிள்ளைகளும் எத்தனை வாசிகசாலைகளில், எத்தனை தேநீர்க் கடைகளில் குற்றவாளிகளாக இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் எந்த அரசியல்வாதியும் பேசத் தொடங்கியிருக்கவில்லை, நடுவர் அவர்களே.

சரி, உண்மை தெரிந்த பிறகாவது எழுத்து மாறியதா? நான் இப்போது தமிழ் படிப்பிக்கிறேன். பிள்ளைகளுக்குத் தோன்றா எழுவாய் சொல்லிக் கொடுப்போம். "வந்தேன்" என்றால் "நான்" என்ற எழுவாய் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் "ஏன்" என்ற விகுதி அதைக் காட்டிக் கொடுத்துவிடும். "சுட்டனர்" என்று எழுதினாலும் அப்படித்தான், சுட்டவர்கள் உள்ளே நிற்பார்கள். ஆனால் எங்கள் செய்திகளில் "சுட்டனர்" என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். "சூட்டுச் சம்பவம்" என்றிருக்கும். "துப்பாக்கிப் பிரயோகத்தில் மாணவர் உயிரிழப்பு" என்றிருக்கும். சம்பவம், பிரயோகம், உயிரிழப்பு எல்லாம் பெயர்ச்சொற்கள். விகுதி கிடையாது, யாரையும் காட்டிக் கொடுக்காது. துப்பாக்கி தானாக வெடித்து, குண்டு தானாகப் பறந்து, பிள்ளை தானாக இறந்ததுபோல ஒரு மொழி. அதே செய்தியில் மாணவர்கள் வந்துவிட்டால் மட்டும் வினைமுற்று ஓடி வரும்: வீதியை மறித்தனர், கோஷமிட்டனர், போக்குவரத்துக்கு இடையூறு விளைவித்தனர். சுட்டவருக்கு இல்லாத எழுவாய், வீதியில் இருந்தவருக்கு உடனே கிடைக்கிறது.

அந்த வீதியில் நானும் இருந்தேன். ஒக்ரோபர் 24, மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு முன்னால், கண்டி வீதியில். வெயிலில் தார் சுட, செருப்பைக் கழற்றி அதன் மேல் இருந்தோம். எனக்குப் பக்கத்தில் ஒரு தங்கச்சி கையால் எழுதிய அட்டையை இரண்டு மணித்தியாலம் இறக்கவில்லை. "எங்களை ஏன் சுட்டீர்கள்" என்று எழுதியிருந்தாள். எழுவாயும் இருந்தது, கேள்வியும் இருந்தது. ஒரு தொலைக்காட்சிக்காரர் மதிலோரம் நிழலில் கமெராவைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு நின்றார். என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்: "தம்பி, ரயர் ஒண்டும் கொளுத்தேல்லையோ?" இல்லை அண்ணா என்றேன். திரும்பவும் நிழலுக்குப் போய்விட்டார். பின்னேரம் ஒரு பொலிஸ்காரருக்கும் எங்கள் பெடியன் ஒருவனுக்கும் வாய்த்தர்க்கம் வந்தபோதுதான் அந்தக் கமெரா தோளுக்கு ஏறியது. இரவு அந்த அரை நிமிடம்தான் திரையில் வந்தது. கீழே ஓடிய வரி: "யாழில் பதற்றம்." இரண்டு மணித்தியாலம் உயர்ந்து நின்ற அந்த அட்டையை எங்கள் பக்கத்தில் இருந்தவர்களைத் தவிர வேறு எவரும் வாசிக்கவில்லை.

மறுநாள் வடக்கு முழுக்க ஹர்த்தால். கடைகள் பூட்டு, பஸ் இல்லை. "இயல்பு வாழ்க்கை முடங்கியது" என்று எழுதினார்கள். இரவில் வீட்டுக்குப் போன பிள்ளை வழியில் சுடப்படுவதுதான் அந்த இயல்பு என்றால், அது முடங்கியதற்கு யார் கவலைப்பட வேண்டும்?

அதற்கிடையில் சுன்னாகத்தில் இரண்டு பொலிஸார் வாளால் வெட்டப்பட்டார்கள். ஆவா குழு என்ற வாள்வெட்டுக் கும்பலின் பெயரில் துண்டுப் பிரசுரம் வந்தது. அது குற்றம், அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு வந்த வாரங்களை நினைத்துப் பாருங்கள். ஆவா யார், தலைவன் யார், வாள் எங்கே செய்தது என்றே எங்கும் பேச்சு. அந்தக் குழுவை உருவாக்கியதே முந்தைய ஆட்சியின் பாதுகாப்புத் தரப்புத்தான் என்று அன்றைய அமைச்சர் ராஜித சேனாரத்ன சொன்னார். அரசியல்வாதி திசைதிருப்பியதற்கு அதை எதிரணி அண்ணன் சாட்சியாகக் காட்டினார். அவர் சொன்னது ஒரு நாள் பேச்சு அண்ணா. அதை நாள்தோறும் சூடு குறையாமல் பரிமாறியது யார்? குளப்பிட்டி என்ற பெயர் உள்பக்கத்துக்குப் போனது அந்த வாரங்களில்தான்.

இனி அமெரிக்காவுக்கு வருகிறேன். 2020 மே 25, மினியாபொலிஸ் நகரில் ஜோர்ஜ் புளொயிட் என்ற கறுப்பின மனிதரின் கழுத்தில் ஒரு பொலிஸ்காரர் ஒன்பது நிமிடத்துக்கு மேல் முழங்காலை ஊன்றியிருந்தார். அன்றிரவு பொலிஸ் விட்ட அறிக்கையின் தலைப்பு, பொலிஸாருடனான தொடர்பின்போது மருத்துவக் காரணத்தால் ஒருவர் மரணம் என்ற கருத்தில் இருந்தது. குளப்பிட்டியின் "விபத்து" எனக்கு அப்படியே ஞாபகம் வந்தது. அந்த அறிக்கையை உடைத்தது பெரிய ஊடகம் எதுவும் இல்லை. வீதியோரம் நின்று கைபேசியில் படம் பிடித்த 17 வயதுப் பெண் பிள்ளை. பிறகு, 2021இல், பத்திரிகைத் துறைக்கான புலிட்சர் விருதுக் குழுவே அந்தப் பிள்ளைக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கியது.

ட்ரம்பின் "கொள்ளை தொடங்கினால் சூடும் தொடங்கும்" என்ற பதிவை அண்ணன் வாசித்துக் காட்டினார். கொடிய பேச்சு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே நாட்களில் பிலடெல்பியா இன்குவைரர் பத்திரிகை போட்ட தலைப்பையும் வாசியுங்கள். கறுப்பின மக்களின் உயிரும் முக்கியம் என்று மக்கள் எழுப்பிய கோஷத்தையே எடுத்துத் திருப்பி, "கட்டடங்களும் முக்கியம்" என்று போட்டார்கள். ஒரு மனிதன் மூச்சுக்காகக் கெஞ்சி இறந்ததையும் ஒரு கண்ணாடி உடைந்ததையும் ஒரே தராசில் வைத்த தலைப்பு அது. அங்கே வேலை செய்த செய்தியாளர்களே கொதித்தெழுந்தார்கள், தலைமை ஆசிரியர் பதவி விலக வேண்டி வந்தது.

அரசியல்வாதி வாய் திறந்தால் எங்கள் ஆச்சிமாரே "எலக்‌ஷன் வருகுது போலை" என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அவருடைய பேச்சைக் கழித்துக் கேட்க எங்களுக்குப் பழகிவிட்டது. தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று போராடிய மக்கள் மீது பொலிஸார் நடத்திய துப்பாக்கிச் சூட்டைத் தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் அறிந்தேன் என்று அன்றைய முதலமைச்சர் சொன்னதை அண்ணன் எடுத்தார். அந்தப் பேச்சை அருணா ஜெகதீசன் விசாரணை ஆணையம் ஆராய்ந்து, சரியல்ல என்று எழுதியே வைத்துவிட்டது. 1974 ஜனவரி 10, இதே யாழ்ப்பாணத்தில், தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் பொலிஸார் கூட்டத்துக்குள் புகுந்து உயிர்கள் போனபோது அரசு விசாரணை வைக்கவில்லை. எங்கள் பெரியவர்கள் ஓய்வுபெற்ற நீதியரசர் டி கிரெட்சரைத் தலைவராக வைத்துத் தாங்களே விசாரித்து எழுதினார்கள். முற்றவெளியில் இறந்தவர்களின் நினைவுத் தூண்கள் நிற்கின்றன. அரசியல்வாதியின் பொய்க்கு எதிராக இப்படி ஏதோ ஒரு வழி திறக்கிறது. தலைப்புச் செய்திக்கு எதிராக? பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு இருக்கிறது என்பார்கள். இறந்த பிள்ளையின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு ஓடித் திரியும் ஒரு தாய், கொழும்புக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பாளா?

இதைச் சொல்லும்போது என் தொண்டை அடைக்கிறது, ஏனென்றால் எங்கள் மண்ணில் செய்திக்காக இரத்தம் சிந்தியவர்கள் இருக்கிறார்கள். 2000 ஒக்ரோபர் 19, ஊரடங்கு இரவில், வீட்டில் எழுதிக்கொண்டிருந்த செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜனை ஜன்னலால் சுட்டார்கள். அந்த ஆண்டுப் பொதுத் தேர்தலில் நடந்த முறைகேடுகளை எழுதியவர் அவர். குளப்பிட்டிச் சூடு நடந்தது அவருடைய நினைவு நாளுக்கு அடுத்த நாள் இரவு. ஊடகத்தை நான் வெறுத்துப் பேசவில்லை. அவர் வைத்துவிட்டுப் போன அளவுகோலை எடுத்துத்தான் அளக்கிறேன். பொலிஸ் சொன்னதைப் பொலிஸ் சொன்னது என்று எழுதுங்கள், அதையே உண்மை என்று எழுதாதீர்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

வாசிகசாலை ஐயாவைப் பற்றிச் சொல்ல இன்னும் கொஞ்சம் இருக்கிறது. சூட்டுக் காயம் என்ற செய்தி வந்த பின்னேரம் அவர் எங்கள் படலையில் வந்து நின்றார். உள்ளே வாங்கோ ஐயா என்றதற்கும் வரவில்லை. "காலமை அந்தப் பிள்ளையளைப் பிழை சொல்லிப்போட்டன் தம்பி" என்றார். பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டே போய்விட்டார், ஏறி மிதிக்கவில்லை. அந்தப் பிழையை அவர் வாயில் வைத்தது யார் என்று மட்டும் தீர்ப்பில் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.